பார்க்கப்படாத வாயும் வெளுக்கப்படும் பல்லும்

பல் வெண்மையாக்கும் பொருளை விற்போர் வாங்குவோரிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: இந்தப் பல் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது? மஞ்சள், பழுப்பு, சாம்பல், சுண்ணாம்பு வெள்ளை, கறுப்பு எனப் பல்லில் தோன்றும் நிறங்களுக்கு வெவ்வேறு காரணங்கள் உண்டு. சில தேநீரால் வந்தவை. சில குடிநீரால் வந்தவை. சில, பல்லுக்குள் நரம்பு இறந்துபோனதால் வந்தவை. இன்னும் சில, கன்னத்தின் உட்புறத்தில் மெல்ல வளரும் நோய் ஒன்றுக்கு மிக அருகில் படிந்தவை. இவை அனைத்தையும் 'கறை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்து, ஒரே குழாயிலிருந்து பிதுக்கும் ஒரே களிம்பால் போக்கிவிடலாம் என்று கூறுவது, நோயறியாமல் செய்யும் சிகிச்சை. அழகு சாதனம் என்ற பெயர்ப்பலகை மாட்டப்பட்டிருப்பதால் மட்டும் அது வேறொன்றாகிவிடாது.

தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு முதுகலை பயில வரும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடைக் குறைக்க நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு வகுத்த முறை, 'நல்கொண்டா முறை' என்றே உலகெங்கும் பாடநூல்களில் வழங்குகிறது. ஒரு மாவட்டத்தின் பெயர் அறிவியலில் இடம்பெறுவதற்கு இதைவிடத் துயரமான வழி வேறு இருக்க முடியாது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஏற்கத்தக்க ஃபுளோரைடு 1 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லையெனில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த அளவைப் பன்மடங்கு மீறிய ஆழ்துளைக் கிணறுகளின் நீரை அருந்தியே பல தலைமுறைகள் அங்கு வளர்ந்தன. பிறகு குழாய் வழியே ஆற்று நீர் வந்தது. ஆனால் நிலைப்பற்களின் எனாமல் உருவாவது ஏறத்தாழ எட்டு வயது வரையில்தான். குழாய் நீர் வந்தபோது அந்த மாணவியின் முன்பற்கள் உருவாகி முடிந்துவிட்டன. அவற்றில் குறுக்கே ஓடும் பழுப்புக் கோடுகளும் சுண்ணாம்புத் திட்டுகளும் அவர் மூன்று வயதில் குடித்த நீரின் பதிவுகள்.

விடுதியில் அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறார். வகுப்பில் கட்டுரை வாசிக்கும்போது உதடுகளை அதிகம் திறப்பதில்லை. அறைத்தோழியர் அன்போடு வழி சொல்கிறார்கள்: ஒருத்தி எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் என்கிறாள், ஒருத்தி கரிப்பொடி என்கிறாள், மூன்றாமவள் இணையத்தில் தள்ளுபடியில் கிடைக்கும் வெண்மைப் பட்டையைக் கைப்பேசியில் காட்டுகிறாள். அந்தப் பட்டை ஃபுளோரோசிஸ் பல்லில் ஒட்டப்பட்டால் சுண்ணாம்புத் திட்டுகள் தொடக்கத்தில் முன்னைவிடத் துலக்கமாகத் தெரியக்கூடும். ஆழமான பழுப்பு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. அவருக்குத் தேவைப்படுவது எனாமலின் மெல்லிய மேற்படலத்தை அளவறிந்து தேய்த்தெடுக்கும் நுண்தேய்ப்பாக இருக்கலாம். திட்டுகளுக்குள் பிசினை ஊறச் செய்யும் முறையாக இருக்கலாம். குழிகள் விழுந்திருந்தால் பல்லின் நிறமுள்ள பூச்சாகவோ முகப்புத் தகடாகவோ இருக்கலாம். இவற்றோடு சேர்ந்து கட்டுப்பாடான வெளுப்பாகவும் இருக்கலாம். எது என்பதைப் பல்லைப் பார்த்தவரே கூற முடியும். பட்டையின் உறையில் அச்சிடப்பட்ட புன்னகையால் கூற முடியாது.

கறையைக் கண்டதும் காரணத்தைத் தேடிய மரபு ஒன்று பல் மருத்துவத்திலேயே இருந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1901 இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், உள்ளூர்க்காரர்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். அதை வெளுத்துக் காசு பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. ஊர் ஊராகச் சென்றார். எந்த நீரைக் குடித்தவர்களுக்குக் கறை இருக்கிறது, எவருக்கு இல்லை என்று குறித்துக்கொண்டார். நீரில் ஏதோ இருக்கிறது என்ற அவருடைய ஐயத்துக்கு 1931 இல் வேதியியலாளர் சர்ச்சில் விடை தந்தார்: ஃபுளோரைடு. ஆறே ஆண்டுகளில், 1937 இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டப் பகுதிகளில், இன்றைய பிரகாசம் மாவட்டத்தில், இந்தியாவின் முதல் ஃபுளோரோசிஸ் ஆய்வு வெளியாயிற்று. நடுவண் அரசின் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் தொடங்கியது 2008-09 இல். இடையில் எழுபது ஆண்டுகள். இந்த நீண்ட இடைவெளியின் குழந்தைகளே இன்றைய வெண்மைக் களிம்புகளின் சந்தை.

ஃபுளோரோசிஸ் முகத்தைக் கெடுக்கிறது. அதைவிட உயிர்க்கேடான கறை வேறு உண்டு. 2016-17 ஆம் ஆண்டின் உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி இந்திய வயதுவந்தோரில் 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர். குட்கா, கைனி, மகாராஷ்டிரத்தின் மிஷ்ரி, ஒடிசாவின் குடாக்கு எனப் பெயர்கள் மாறும். பல்லின் செம்பழுப்பு மாறாது. பாக்கு மட்டும் போட்டாலும் தப்பில்லை; 2004 இல் வெளியான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் தொகுதி பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியது. இந்தக் கறையோடு வருபவரின் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறதா, வாய் முன்போல் அகலமாகத் திறக்கிறதா, காரம் பட்டால் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். வாய் சிறுகச் சிறுக இறுகித் திறக்க மறுக்கும் நார்மைய நோய் பாக்கு மெல்வோருக்கு வருவது. அது புற்றுநோய்க்கு முந்திய நிலை. பல்லின் கறுப்பு ஒருவரைக் கண்ணாடி முன்னும், பிறகு மருத்துவர் முன்னும் நிறுத்தக்கூடிய ஒரே உந்துதலாக இருந்திருக்கலாம். வீட்டிலேயே பட்டையை ஒட்டிப் பல்லை வெளுத்துக்கொண்டவருக்கு அந்த உந்துதலும் போய்விடுகிறது. நேர்முகத் தேர்வுக்காகப் பல்லைத் துலக்கிக்கொண்டு கன்னத்துப் புண்ணை உள்ளே வைத்துக்கொண்டு போகும் இளைஞர்கள் இந்த நாட்டின் எந்த நகரத்திலும் இருப்பார்கள்.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாக மாறியிருந்தால் அது வேறு கதை. சிறுவயதில் மட்டைப்பந்து பட்டதோ மிதிவண்டியிலிருந்து விழுந்ததோ மறந்துபோயிருக்கும். பல்லின் உள்ளிருக்கும் கூழ் அப்போதே இறந்திருக்கும். வேர்நுனியில் சீழ் கட்டியிருக்கலாம், வலியே இல்லாமல். அதற்கு ஊடுகதிர்ப் படமும் வேர் சிகிச்சையும் முதலில்; வெளுப்பு வேண்டுமானால் பல்லின் உட்புறமிருந்து, பிறகு. குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்கிளின் மருந்து உண்டவர்களின் சாம்பல் பட்டைகள் பல்லின் ஆழத்தில் உள்ளவை. மாதக்கணக்கில் உழைத்தாலும் ஓரளவே மங்கும். குளோர்ஹெக்சிடின் வாய்கொப்புளிப்பு மருந்தாலும் இரத்தசோகைக்கான இரும்புச் சத்து மருந்தாலும் வரும் கறுப்போ மேலோட்டமானது. ஒருமுறை சுத்தம் செய்தால் போய்விடும், அதற்குப் பெராக்சைடு எதற்கு?

பலருடைய 'மஞ்சள் பல்' உண்மையில் பல்லே அன்று. பல்லின் மேல் இறுகிய காரை. அதை நீக்குவதற்கு ஸ்கேலிங் என்ற எளிய சுத்திகரிப்பு போதும். ஆனால் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்ற அச்சம் வடக்கிலும் தெற்கிலும் படித்தவரிடமும் வேரோடியிருக்கிறது. ஈறு நோயால் எலும்பு கரைந்து பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததும், காரைதான் அதைச் சிமென்ட் போலப் பிடித்து வைத்திருந்ததும் அவர்களுக்கு விளக்கப்படுவதில்லை. ஆகவே தேவையான சிகிச்சைக்கு அஞ்சுகிறவர்களே தேவையற்ற வேதிப்பொருளை விரும்பி வாங்குகிறார்கள்.

வீட்டு மருத்துவத்தின் பெயரால் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். எனாமல் கரையத் தொடங்கும் அமிலநிலை ஏறத்தாழ 5.5, எலுமிச்சைச் சாற்றின் அமிலநிலை 2 முதல் 2.5. அதைத் தேய்த்தவுடன் பல் பளிச்சென்று தோன்றுவது மேற்பரப்பு அரிக்கப்பட்டதால். எனாமல் மீண்டும் வளராது. அது மெலிய மெலிய, அடியிலுள்ள டென்டின் மேலும் தெரியத் தொடங்கும். டென்டினின் இயல்பான நிறம் மஞ்சள். வெண்மைக்காகத் தேய்த்தவர் இறுதியில் வாங்கிக்கொள்வது நிரந்தர மஞ்சளையும் குளிர்ந்த நீர் பட்டால் கூசும் பல்லையும். கரிப்பொடியின் கதையும் ஏறத்தாழ இதுவே. கரி கலந்த பற்பொடிகள், பற்பசைகள் பற்றி அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் 2017 இல் வெளியான மதிப்பாய்வு, அவை பாதுகாப்பானவை என்பதற்கோ பயனுள்ளவை என்பதற்கோ போதிய சான்று இல்லை என்று முடித்தது. பாட்டி அடுப்புக்கரியால் துலக்கினாரே என்பவர்கள், அந்தப் பாட்டியின் பற்கள் எத்தனை வயதில் தேய்ந்து கூசின என்பதையும் கேட்டறிவது நல்லது.

இனிப் பெராக்சைடு. 1960களின் இறுதியில் ஈறுப் புண் ஆறுவதற்குக் கொடுத்த கிருமிநாசினி பல்லையும் வெளுப்பதை அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர் கவனித்தார். 1989 இல் ஹேவுட், ஹைமன் இருவரும் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடை வாயின் அளவுக்கேற்ற தட்டில் இட்டு இரவில் அணியும் முறையை வெளியிட்டார்கள். அந்த 10 விழுக்காடு சிதைந்து தருவது ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆரோக்கியமான வாயில், மேற்பார்வையோடு, சில வாரங்கள் பயன்படுத்தினால் இது நன்கு ஆராயப்பட்ட, ஏற்கத்தக்க சிகிச்சை. இதை மறுப்பது அறிவியலுக்கு அடுக்காது. ஆனால் அந்த வாக்கியத்தின் முதற்சொல் 'ஆரோக்கியமான'. பெராக்சைடு எனாமலையும் டென்டினையும் ஊடுருவிச் சில நிமிடங்களில் பற்கூழை எட்டும் சிறு மூலக்கூறு. சொத்தை, விரிசல், கசியும் பழைய அடைப்பு, ஈறு இறங்கி வெளித்தெரியும் வேர் ஆகியவை அதற்குக் குறுக்குவழிகள். நல்ல பல்லிலேயே பலருக்குச் சில நாள் கூச்சம் வருகிறது. சொத்தைப் பல்லில் அது உறக்கத்தைக் கெடுக்கும் வலியாகலாம். வாய்க்கு அளவெடுக்காத தட்டிலிருந்து வழியும் களிம்பு ஈறை வெளிறச் செய்து புண்ணாக்கும். பீங்கான் உறையும் பிசின் அடைப்பும் வெளுப்பதே இல்லை. ஆகவே முன்பல்லில் பழைய அடைப்பு இருப்பவர், பல் வெளுத்தபின் அந்த அடைப்பு மட்டும் மஞ்சளாகத் துருத்தி நிற்பதைக் கண்டு இன்னொரு செலவுக்கு ஆளாகிறார்.

முறையான வரிசை எளியது. வாயை முழுதும் பார்ப்பது, காரையை நீக்குவது, சொத்தையை அடைப்பது, ஈறைக் குணப்படுத்துவது. அதன்பிறகும் நிறம் உறுத்தினால் குறைந்த செறிவிலிருந்து தொடங்குவது. கூசினால் நிறுத்துவது அல்லது இடைவெளி விடுவது. முன்பற்களின் அடைப்புகளை மாற்றுவதாக இருந்தால் வெளுப்பு முடிந்து ஓரிரு வாரம் கழித்து மாற்றுவது. கருவுற்றவர்களும் பாலூட்டுவோரும் தள்ளிப்போடுவது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் விலகியிருப்பது. பெரும்பாலோருக்கு இந்த வரிசையின் இரண்டாம் படியிலேயே தேவை தீர்ந்துவிடுகிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது.

பல் மருத்துவர்கள் இந்த விவாதத்தில் தூய வெண்ணிறத்தோடு நிற்பதாகக் கருத வேண்டியதில்லை. தீபாவளிச் சலுகை, மணமக்கள் சிறப்புத் தொகுப்பு என்று அறுபது நிமிட வெளுப்பை விற்கும் மருத்துவ மனைகளும் அதே கேள்வியைத்தான் கேட்கத் தவறுகின்றன. மருத்துவர்களுக்கு மட்டுமே உரிமை வேண்டும் என்ற கோரிக்கைக்குள் தொழிற்குழுவின் பேராசையும் ஒளிந்திருக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் பல் மருத்துவ வாரியம், வணிக வளாகங்களில் பல் வெளுத்தவர்களை நிறுத்துமாறு கடிதம் அனுப்பியது. தொழில் செய்யும் பல் மருத்துவர்களே ஆதிக்கம் செலுத்தும் வாரியம், அரசின் தீவிர மேற்பார்வையின்றிப் போட்டியாளரை விலக்க முடியாது என்று 2015 இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தக் கண்டனம் நியாயமானது. அதற்கு இரு ஆண்டுகள் முன்பு, 2013 இல், இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் பல் வெண்மையாக்கல் பல் மருத்துவத் தொழிலின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. அதுவும் நியாயமானது. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிய வேண்டும்: பரிசோதனையைக் கட்டாயமாக்குவது வேறு, வருமானத்துக்கு வேலி போடுவது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் எடுத்த முடிவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 0.1 விழுக்காட்டுக்கு மேல் 6 விழுக்காடு வரை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டவற்றைப் பல் மருத்துவர்களுக்கே விற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முதல் பயன்பாடும் அவர் கையாலோ நேரடி மேற்பார்வையிலோ நிகழ வேண்டும். அதன்பின் நோயாளி வீட்டில் தொடரலாம். அதாவது ஒருமுறையாவது ஒருவர் வாயைப் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவால் இது இயலாது என்பது பொய். புகையிலை கலந்த பற்பொடிகளும் பற்பசைகளும் வெளிப்படையாக விற்கப்பட்ட நாட்டில், 1992 இல் நடுவண் அரசு அவற்றைத் தடை செய்தது. 1997 இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதி செய்தது. பல்லில் தேய்க்கும் பொருள் உடலுக்குள்ளும் செல்கிறது என்பதைச் சட்டம் அன்றே ஒப்புக்கொண்டது. இன்று செறிவு எவ்வளவு என்றே உறையில் தெளிவாக எழுதப்படாத களிம்புகளைப் பற்றி ஏன் அதே கண்டிப்பு இல்லை?

பல்கலைக்கழக வளாகங்களில் இதற்கு ஒரு தயார் விடை வைத்திருப்பவர்கள் உண்டு. வெண்பல் மோகம் நிறவெறியின் நீட்சி. சிவப்பழகுக் களிம்பின் தம்பி. ஆகவே அதை மறுதலிப்பதே அரசியல் என்பார்கள். 2020 இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டது வரை மேற்கோள் காட்டுவார்கள். ஒப்புமை கவர்ச்சியானது, ஆனால் பிழையானது. கறுத்த தோல் நோயன்று. எந்த மருத்துவராலும் குணப்படுத்த வேண்டியதுமன்று. பழுத்த பல் நோயின் குறியாக இருக்கக்கூடும். தோலின் நிறத்தை ஏற்கச் சொல்வது நீதி. நச்சு நீர் குடித்து வந்த பல்லின் நிறத்தை அதே குரலில் ஏற்கச் சொல்வது, நீரைக் கொடுத்த அரசுக்கு விடுதலைப் பத்திரம் எழுதுவதாகும். மேலும், இயல்பான பல் தூய வெள்ளையாக இருப்பதில்லை, சற்று மஞ்சளாகவே இருக்கும் என்ற செய்தியை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது உண்மைதான். அதைச் சொல்லிவிட்டுக் கருத்தரங்கிலிருந்து எழுந்து போய்விடும் பேராசிரியர், நல்கொண்டா மாணவியை எலுமிச்சைச் சாற்றிடமே விட்டுச் செல்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு எழுந்து போன வீட்டிலிருந்து வந்திருக்கக்கூடியவரிடம், உங்கள் ஆசை கட்டமைக்கப்பட்டது என்று கூறுவதற்கு ஒரு வகைத் துணிவு வேண்டும். நல்ல துணிவு அன்று.

வளாகங்களால் செய்ய இயல்வது நிறைய. பல பல்கலைக்கழக நலவாழ்வு மையங்களில் பல் மருத்துவரே இல்லை. இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அரசுக் கல்லூரி மருத்துவமனைகளில் சிறு கட்டணத்தில் காரை நீக்கம் நடக்கிறது. பயிற்சி மருத்துவர்களுக்கு நோயாளிகள் தேவைப்படுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் அவர்களை விடுதிக்கு அழைத்து வந்து வாய்களைப் பார்க்கச் செய்ய எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டாம். பார்ப்பவர் எந்த ஊர், எந்த நீர், பாக்கு உண்டா, அடிபட்டதுண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மெக்கே செய்ததும் அவ்வளவே.

நல்கொண்டா மாணவி வெண்மைப் பட்டைக்குப் பணம் செலுத்திவிட்டார். மூன்று நாளில் பொட்டலம் விடுதிக்கு வந்துவிடும். ஊரில் அவருடைய அக்காவின் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. முன்பற்களின் எனாமல் இன்னும் முழுமை பெறவில்லை. அந்தக் குழந்தைக்குக் கொடுப்பது குழாய் நீரா, குழாய் வராத நாட்களில் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரா என்று அவரிடம் இதுவரை எவரும் கேட்கவில்லை.